சிரிக்கிறேன், மதினி

ஆனி 2, திங்கள்

பெரிசு பெரிசா எழுதணுமாம். தினமும் எழுதணுமாம். மதுரை ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தருகிற ஜெசிந்தா என்கிற பொண்ணு சொல்லியிருக்கிறாள். "உங்க எழுத்து வரவர எறும்பா சுருங்குதும்மா. நோட்டு வாங்கி, மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் தொடுற மாதிரி எழுதுங்க. பேசும்போதும் அப்படித்தான். சண்டை போடுற மாதிரி சத்தமாப் பேசுங்க" என்றாள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. என்னத்தை எழுத என்று கேட்டேன். மனசில் இருப்பதை எழுதச் சொன்னாள். அதை எழுதினால் நோட்டு தீப்பிடிக்கும் தாயி என்றேன். நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது.

நோய்க்குப் பேர் பார்க்கின்சன். தை மாசம் சொன்னார்கள். பேரைக் கேட்டால் குதிரையில் வந்து இறங்கிய வெள்ளைக்காரத் துரை மாதிரி இருக்கிறது. முதலில் வலது கையில் வந்து உட்கார்ந்தார் துரை. கை ஆட ஆரம்பித்தது. அப்புறம் காலுக்குப் போனார், கால் ரெண்டும் கட்டை. தொண்டைக்குப் போனார், சத்தம் போச்சு. இப்போது முகத்துக்கும் வந்துவிட்டார். வாடகை தருகிற ஆளாகத் தெரியவில்லை.

இன்று காலையில் பாயை விட்டு எழவே முடியவில்லை. அருப்புக்கோட்டை மார்க்கெட்டில் இருபது வருசமாக முதல் ஆளாகக் காய்கறிக் கடை திறக்கிறவள் நான். இன்று நான் போனபோது எல்லாக் கடையிலும் பாதிக் காய் விற்றுவிட்டது. வெண்டைக்காயைக் கூறு கட்டும்போது கை ஆடி ஆடி எல்லாம் உருண்டது. ஒரு வெண்டைக்காயைப் பிடித்து ரெண்டாக ஒடித்துப் போட்டேன். அதற்கு மேல் கோபத்தை யாரிடம் காட்ட.

ஆனி 4, புதன்

காலையில் நன்றாக இருந்தேன். மதியம் டீச்சர் வந்தார். பத்து வருச வாடிக்கை. தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன டீச்சர், அரைக்கிலோ தக்காளிக்கு இந்த அமுக்கு அமுக்குறீக. உங்க வீட்டுச் சாரையும் இப்படித்தான் கன்னத்தை அமுக்கிப் பாத்துக் கட்டுனீகளா?" என்றேன்.

முன்னால் என்றால் டீச்சர் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். பக்கத்துக் கடைக்காரிகளும் சேர்ந்து கும்மாளமாக இருக்கும். இன்று என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒழுங்காப் பேசு வேலுத்தாய். மூஞ்சியை இப்படி வச்சுக்கிட்டுப் பேசுறதுக்கு நான் என்ன உன் கடன்காரியா?" என்று தக்காளியை அப்படியே போட்டுவிட்டுப் போனார்.

கடையில் ரசம் போன கண்ணாடி ஒன்று கிடக்கிறது. எடுத்துப் பார்த்தேன். சிரித்தேன். உள்ளே சிரிப்பு வந்தது, கண்ணாடியில் வரவில்லை. மாவைக் குழைத்து அப்பிவைத்த மூஞ்சி ஒன்று என்னையே முறைத்தது. துரை, என் கையை எடுத்துக்கொள், காலை எடுத்துக்கொள். என் கேலியை எடுக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது?

ஆனி 6, வெள்ளி

இன்று நல்ல நாள். முருங்கைக்காய்க் கட்டை நானே இறக்கினேன்.

என் மகள் நாகஜோதி சாத்தூரிலிருந்து பேசினாள். ஏழாம் மாசம். வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்களாம், வருகிற இருபத்துமூணாம் தேதி, திங்கட்கிழமை. அவள் மாமியார் சீனியம்மாளும் போனை வாங்கி, "மதினி, கலவைச் சோறெல்லாம் ஒங்க பொறுப்பு. அன்னைக்கே பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருங்க. ஆடி பெறந்துட்டா எங்க வீட்ல சூலிய வாசப்படி தாண்ட விட மாட்டோம்" என்றார்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அதை யாரும் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வந்திருப்பது சாத்தூரில் ஒருத்தருக்கும் தெரியாது. மகளிடமும் நரம்புத் தளர்ச்சி, சத்து மாத்திரை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தால் அனுப்புவார்களா? ஆடுகிற கையில் பச்சைப் பிள்ளையை யார் கொடுப்பார்கள்? என் வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். அவர் பேர் குருவையா, ஆட்டோ ஓட்டுகிறார். சத்தியம் வாங்காவிட்டாலும் பேச மாட்டார். வாய் எதற்கு, அதுதான் ஆட்டோவில் ஹாரன் இருக்கிறதே என்று கேட்கிற ஆள்.

ஆனி 9, திங்கள்

இந்தத் திங்கட்கிழமைக்கும் எனக்கும் என்ன பகை என்று தெரியவில்லை. ஜாக்கெட் கொக்கியை அவர்தான் மாட்டிவிட்டார். மாட்டும்போது சாமி கும்பிடுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருசத்துக்கு அப்புறம் என்ன வெட்கம். அதற்கும் திட்டினேன்.

ஆனி 14, சனி

கடைக்கு வந்த சரக்கில் ஒரு சுரைக்காய் நல்ல கொழுகொழு என்று இருந்தது. மண்ணாக இருக்கிறதே என்று வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவினேன். நின்றுகொண்டு கழுவினால் கால் வலிக்கும் என்று குளியலறையில் உட்கார்ந்து, ரெண்டு காலையும் நீட்டி, சுரைக்காயைக் கால் மேல் போட்டுக் கழுவினேன். தண்ணீர் லேசான சூட்டில் வைத்துக்கொண்டேன், மண் நன்றாகப் போகும். சோப்பும் போட்டேன்.

திருப்பிப் போடும்போது கை வழுக்கியது. காய் உருண்டு தரையில் விழுந்தது. உடையவில்லை. தலைப்பக்கம் கொஞ்சம் நசுங்கியது.

அதை விற்கப் பிடிக்கவில்லை. ராத்திரிக்குக் கூட்டு வைத்தோம். "நல்லாத்தான இருக்கு, ஏன் சாப்பிடல?" என்று அவர் கேட்டார். பசியில்லை என்றேன்.

ஆனி 18, புதன்

இன்னொரு சுரைக்காய் கொண்டுவந்தேன். துண்டில் சுற்றிக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கொசுவம் மடிக்கிற மாதிரி கை ஆடுகிறது, இன்று கழுவவில்லை. மதியம் முழுக்க மரமாக உட்கார்ந்திருந்தேன். இந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவன் திங்களும் புதனும் லீவு போட்டுவிட்டானா?

ஆனி 23, திங்கள்

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாமல் இருந்தால் பல்லைக் கடித்தே பல் போய்விடும்.

விடியுமுன்னே ஆட்டோவில் சாத்தூர் போய்ச் சேர்ந்தோம். புளிச் சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல், எல்லாம் ராத்திரியே கிண்டியது. எட்டு மணி மாத்திரைக்கு அவரைத் தேடினேன். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுக்க என் விரலுக்குத் தெம்பு இல்லை, அதனால் மாத்திரை எப்போதும் அவர் கையில்தான். "பாத்திரத்தை இறக்கிட்டுத் தாரேன்" என்றார். இறக்கினார், இறக்கினார், கல்யாண மண்டபத்துப் பாத்திரம் மாதிரி இறக்கிக்கொண்டே இருந்தார். ஒன்பதேகாலுக்கு நல்ல நேரம் ஆரம்பம். மணையில் மகள் வந்து உட்காரும்போதுதான் வேகமாக வந்து மாத்திரையை வாயில் போட்டுவிட்டார். அது வேலை செய்ய இன்னும் நேரம் கிடக்கிறது.

முதல் வளையல் பெற்றவள் போட வேண்டும். நடந்தேன் என்று சொல்ல முடியாது. தரையில் பசை தடவி வைத்த மாதிரி கால் ஒட்டிக்கொண்டது. யாரோ "அம்மாக்காரிக்கு என்ன இவ்வளவு பெருமை, ஆடி அசைஞ்சு வர்றா" என்றார்கள். காதில் விழுந்தது.

சரி, ஒரு கேலியைப் போட்டுச் சபையைத் தூக்கிவிடுவோம் என்று நினைத்தேன். வளைகாப்பு என்றால் கேலிதானே. மதினிக்கு மதினி சொல்லாமல் யார் சொல்வது? சீனியம்மா கொஞ்சம் பூசினாற்போல் இருப்பார். அவரைப் பார்த்து, "மதினி, இதுல சூலி யாரு? எனக்குக் குழப்பமா இருக்கு. வளையல ஒங்களுக்கே போட்டு விட்டுரவா?" என்றேன்.

ஒருத்தருக்கும் கேட்கவில்லை. "என்ன சொன்னீக மதினி?" என்று அவர் காதைக் கொடுத்தார். ஜெசிந்தா சொன்னது ஞாபகம் வந்தது. சண்டை போடுகிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். சபையே அடங்கிப்போனது. சிரித்த முகத்தோடு சொன்னால் அது கேலி. இந்தக் கல்லு மூஞ்சியை வைத்துக்கொண்டு, கத்திச் சொன்னால் அது என்ன? ஒரு பொம்பளையைப் பத்துப் பேர் முன்னால் உடம்பைச் சொல்லி அவமானப்படுத்தினது. சீனியம்மா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் அவசர அவசரமாக வளையலை எடுத்து மகள் கையில் ஏற்றினேன். கை ஆடியது. அமுக்கிப் பிடித்தேன். கண்ணாடி வளையல் படக்கென்று உடைந்தது. மகள் மணிக்கட்டில் ஒரு சொட்டு ரத்தம்.

சீனியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார். "பிள்ளை இங்கயே இருக்கட்டும். பிரசவத்தை நாங்களே பாத்துக்கிறோம்."

கலவைச் சோற்றை யார் சாப்பிட்டார்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது, பந்தல்குடி தாண்டி, மாத்திரை வேலை செய்தது. கை நின்றது. முகம் இளகியது. எதற்கு இப்போது? யாருக்குக் காட்ட?

ஆனி 24, செவ்வாய்

மகள் போனை எடுக்கவில்லை. கடைக்குப் போகவில்லை. கத்தரிக்காய் எல்லாம் சுருங்கியிருக்கும். சுருங்கட்டும்.

ஆனி 25, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

மதியம் பன்னிரண்டு மாத்திரைக்கு வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் வந்து உட்கார்ந்தவள் அப்படியே இறுகிப்போனேன். அடுப்படி வாசலில் அவர் நிற்கிறார். ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணீர்த் தம்ளர். தினசரி காலண்டரைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார். தம்ளரைக் கீழேயும் வைக்கவில்லை, என்னிடமும் வரவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார்.

"என்ன நிக்கிறீக, குடுங்க" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் பொறு. ஒன்றரைக்குத் தாரேன்."

"எதுக்கு ஒன்றரை?"

"ராகு காலம் ஓடுது."

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் காலண்டரைப் பார்த்தேன். புதன், பன்னிரண்டு முதல் ஒன்றரை. திங்கள், ஏழரை முதல் ஒன்பது. திங்கட்கிழமை காலை எட்டு மணி மாத்திரை நடு ராகு காலத்தில் விழுகிறது. புதன் மதிய மாத்திரையும் அப்படித்தான். ஆறு மாசமாக இந்த மனுசன் ராகு காலம் முடியட்டும் என்று மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றிருக்கிறார். வளைகாப்பன்று பாத்திரம் இறக்கிய கதையும் அதுதான்.

"நல்லது குடுக்கும்போது நல்ல நேரம் பாத்துக் குடுத்தாத்தான வேலை செய்யும்? ஒன் நல்லதுக்குத்தான் வேலு" என்றார்.

"நல்லதா? துரைக்கு ராகு காலம் இருக்கா? என் கை ராகு காலம் பாத்தா ஆடுது?" நான் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தினேன். கத்தினதும் பாதிதான் வெளியே வந்தது. அதுதான் பெரிய கொடுமை. ஆத்திரம் மலை மாதிரி இருக்கிறது, சத்தம் கொசு மாதிரி வருகிறது. கைக்கு எட்டிய தலையணையை எறிந்தேன். அது என் கால் மேலேயே விழுந்தது.

அவர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "அங்கிள்கிட்ட போனைக் குடுங்க" என்றாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்.

ஆனி 26, வியாழன்

அவரோடு பேச்சு இல்லை. மாத்திரை மட்டும் மணி அடித்த மாதிரி வந்தது. காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறார்.

ஆனி 27, வெள்ளி

காலையில் எட்டு மணி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தலை சீவி, பவுடர் போட்டு, "சாத்தூருக்கு வண்டியை எடுங்க" என்றேன். ரெண்டு நாளைக்கப்புறம் பேசின முதல் பேச்சு. என் கணக்கு இதுதான். மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்தில் போய், நிமிர்ந்து நின்று, முகம் கொடுத்துப் பேசி, கேலிக்குச் சொன்னேன் மதினி என்று சொல்லி மகளைக் கூட்டி வந்துவிட வேண்டும். நோயைப் பற்றி மூச்சு விடக் கூடாது. ஆடிக்கு இன்னும் நாலஞ்சு நாள்தான் கிடக்கிறது.

கிளம்பும்போது பத்தரை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை பத்தரை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அப்படியும் வண்டியை எடுத்தார். பாலம் தாண்டுகிறவரை உதட்டில் முருகா முருகா என்று ஓடிக்கொண்டிருந்தது. இந்த மனுசன் ராகு காலத்தில் பெட்டிக்கடைக்குக்கூடப் போனதில்லை.

சாத்தூரில் சீனியம்மா இல்லை. மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். மகளும் கூடப் போயிருந்தாள். மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பெண் கூடத்தைத் திறந்து உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தோம். பன்னிரண்டு ஆனது. கையை நீட்டினேன்.

அவர் சட்டைப் பையைத் தடவினார். மஞ்சள் பையைக் கொட்டினார். ஆட்டோவுக்கு ஓடி, சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"கிளம்புற பதட்டத்துல டப்பாவ வச்சுட்டு வந்துட்டேன்."

"என்ன பதட்டம்?"

"ராகு காலமாச்சே."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே அவரை நாலு மிதி மிதித்திருப்பேன். கால் எழும்பவில்லை. "இங்க இருக்கிற மருந்துக்கடையெல்லாம் கேட்டுட்டு வாரேன்" என்று ஓடினார்.

சீனியம்மா கையில் அர்ச்சனைத் தட்டோடு உள்ளே வரும்போது நான் மரமாகியிருந்தேன். பின்னால் என் மகள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். உடம்பு முன்னால் போகவில்லை. சீனியம்மா ஒரு நிமிசம் பார்த்தார்.

"அன்னைக்கு வாயால அடிச்சீக. இன்னைக்கு எந்திரிச்சு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூட முடியலையோ? அப்படி என்ன மதினி நாங்க ஒங்களுக்குக் குறை வச்சோம்?"

"என் வீடா இது, வாங்கன்னு சொல்ல?" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேலிதான். இந்த வாய் எப்போது அடங்கும்? அடக்கினேன். என் கணக்கெல்லாம் போச்சு. இனி எதைக் காப்பாற்ற?

"எந்திரிக்க முடியல மதினி" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து குனிந்தார். இன்னொரு தடவை சொன்னேன். நோயின் பேரைச் சொன்னேன். தை மாசத்திலிருந்து என்று சொன்னேன், கால் கட்டையாகிப் போனதையும் சொன்னேன். "அன்னைக்கு நான் சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். உள்ள சிரிச்சேன். வெளிய வரல. இப்பவும் அழுகிறேன், பாருங்க, தெரியுதா?"

சீனியம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடி பார்க்கிற மாதிரி பார்த்தார். "இது வழிவழியா வர்றதா?" என்று கேட்டார். கேட்டதற்கு எனக்குக் கோபம் வந்தது. கேட்காமல் இருந்தால் அவர் பொய்க்காரி என்றும் தோன்றியது. "எங்க வம்சத்துல யாருக்கும் இல்ல. பெரும்பாலும் அப்படி வராதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றேன்.

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா பிள்ளைய அனுப்புவீகளா?"

"அனுப்ப மாட்டேன்."

"அதான் சொல்லல."

மகள் குறுக்கே வந்தாள். "எனக்குத் தெரியும். மாத்திரை அட்டைய மாசிக்கு வந்தப்பவே போன்ல தேடிப் பாத்துட்டேன். நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். சத்து மாத்திரையாம், சத்து மாத்திரை. என்னைய என்ன சின்னப் பிள்ளைன்னு நெனச்சியாம்மா?" அவள் அழவில்லை. கோபத்தில் மூக்கு விடைத்தது. என் மூக்கு அது.

"தெரிஞ்சும் எங்கிட்ட மறச்சியா நீ?" என்று சீனியம்மா அவள் பக்கம் திரும்பினார். அப்புறம் மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் வைய ஆரம்பித்தோம். எனக்குத்தான் சத்தம் வரவில்லை. நான் பேசும்போது மட்டும் அவர்கள் ரெண்டு பேரும் நிறுத்தி, குனிந்து கேட்டுவிட்டு, மறுபடி வைதார்கள். மரியாதையான சண்டை.

மூணு கடை ஏறி இறங்கி, டாக்டர் சீட்டைப் போனில் காட்டி, அவர் மாத்திரையோடு வேர்த்து வந்து நின்றபோது சீனியம்மா கேட்டார். "அண்ணே, இவுகளுக்கு மாத்திரை எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டுக்கும்மா."

"இப்ப மணி என்ன ஆச்சு? இதான் நீங்க பொண்டாட்டிய வச்சுப் பாக்குற லட்சணமா?"

ராகு காலக் கதை எல்லாவற்றையும் நான் சொன்னேன். விட்டுவைப்பேனா? சீனியம்மா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அடுப்படிக்குப் போய்ச் சோற்றை வடித்துக்கொண்டே அங்கிருந்து சொன்னார். "பிள்ளைய அனுப்புறேன். ஆனா நானும் வருவேன். பிள்ளை குளிப்பாட்டுற வரைக்கும் இருந்துட்டுத்தான் போவேன். இஷ்டம்னா சொல்லுங்க."

எனக்கு இஷ்டமில்லை. என் அடுப்படியில் இன்னொருத்தியா? சரி என்றேன்.

ஆனி 31, செவ்வாய்

நாளையோ மறுநாளோ ஆடி. மகளும் சீனியம்மாவும் நேற்றே வந்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் மாத்திரை கொடுத்தார். கொடுத்த கை என் கையை விட அதிகமாக ஆடியது.

வந்த ஒரே நாளில் சீனியம்மா என் மிளகாய்த்தூள் டப்பாவை இடம் மாற்றிவிட்டார். அரிசிப் பானையைத் திருப்பி வைத்துவிட்டார். கேட்டால், "இங்க இருந்தா ஒங்களுக்கு எட்டாது" என்கிறார். உண்மைதான், இப்போது எட்டுகிறது. அதுதான் இன்னும் ஆத்திரம்.

சாயங்காலம் குளியலறையிலிருந்து சீனியம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. கதவுக்குப் பின்னாலிருந்த சுரைக்காயைத் துண்டோடு தூக்கிக்கொண்டு வந்தார். தலையைக் கையில் தாங்கி, இடுப்பில் வைத்திருந்தார். "இது யாரு மதினி, மூத்த பேரனா?"

சும்மா கழுவுவதற்கு வைத்தது என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

சீனியம்மா என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போனார். உட்கார வைத்தார். காலை நீட்டச் சொன்னார். சுரைக்காயை என் கால் மேல் குப்புறப் போட்டார். பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் அதைப் பிடித்து, மறுகையால் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். காய் அசையவில்லை. திருப்பிப் போட்டார். அப்போதும் அசையவில்லை.

"எனக்கு மூட்டு வலி, காலை நீட்டி உக்கார முடியாது. ஒங்க காலு கட்டையாப் போச்சுன்னு அழுதீகளே, பிள்ளை குளிப்பாட்டக் கட்டைதான மதினி வேணும்? வளவளன்னு ஆடுற காலை வச்சு என்ன செய்ய? காலு ஒங்களது, கையி என்னோடது. மூஞ்சி மட்டும் பிள்ளைக்குக் காட்ட வேணாம், பயந்துரும்."

பத்துப் பேர் முன்னால் நான் சொன்னதற்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். என் நோயைச் சொல்லி, என் வீட்டுக் குளியலறையில், என் சுரைக்காயை வைத்துக்கொண்டு. தை மாசத்திலிருந்து என்னிடம் ஒருத்தர்கூடக் கேலி பேசியதில்லை. எல்லோரும் பாவம் பாவம் என்று ஒதுங்கியே போனார்கள்.

அவர் என் முகத்தையே பார்த்தார். கொஞ்சம் பயந்துவிட்டார் போல.

"என்ன மதினி, கோவமா? இல்ல, சிரிக்கிறீகளா?"

கண்டுபிடிங்க பாப்போம், என்றேன்.